பரீட்சை முடியட்டும் என்று தாடை காத்திருக்காது

போன வாரமும் ஒரு பையன் வந்தான். வயது 17. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு அம்மா அழைத்து வந்திருந்தார். "எத்துப்பல் டாக்டர், கிளிப் போட்டு உள்ளே தள்ளிவிடுங்கள்." பக்கவாட்டில் பார்த்தேன். மேல்பல் தன் இடத்தில்தான் இருந்தது. கீழ்த்தாடைதான் பின்னால் நின்றுவிட்டது. மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இடைவெளி. 2, 3 இருந்தால் இயல்பு.

ஐந்தாம் வகுப்பிலேயே கவனித்தார்களாம். "பதினெட்டுக்கு மேல்தானே கிளிப் போட வேண்டும்?" என்று அம்மா கேட்டார். இந்தப் பதினெட்டை யார்தான் கிளப்பிவிட்டார்களோ!

பல்லை நகர்த்த வயது தடையில்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் 40 வயதிலும் நகர்த்துகிறோம். தாடை அப்படியல்ல. அது வளரும்போதுதான் அதை முன்னுக்குக் கொண்டுவரும் கருவிக்கு வேலை. பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில், பையன்களுக்கு இரண்டு ஆண்டு தள்ளி. "பெரிய மனுஷி ஆகட்டும், பார்க்கலாம்" என்று நிறுத்தி வைக்கும் வீடுகள் உண்டு. அதற்குள் வேகமான வளர்ச்சி வந்து போயிருக்கும். நாங்கள்கூடப் பிறந்த தேதியை மட்டும் நம்புவதில்லை. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பின் வடிவத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

நான் அதிகம் கொடுப்பது ட்வின் பிளாக். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. மேலும் கீழும் இரண்டு தட்டுகள். வாயை மூடினால் கீழ்த்தாடை முன்னே வந்தாக வேண்டும். இதுவும் மந்திரமல்ல. கிடைக்கும் மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் நகர்வது. எலும்பின் பங்கு சிறியது. ஆனாலும் துருத்தி நிற்கும் முன்பல் விழுந்து உடையும் ஆபத்து குறைகிறது. யூடியூப் பார்த்து நாக்கை அண்ணத்தில் அழுத்துவதால் மட்டும் இது நடக்காது. தயவுசெய்து அதில் ஓராண்டைத் தொலைக்காதீர்கள்.

போட்டால் ஒழுங்காகப் போட வேண்டும். இரவும் பகலும், சாப்பிடும்போதும், 9 முதல் 12 மாதம். முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும். (மூன்று மாதம் கழித்தும் என் முன்னால் குழறுகிறவன் வீட்டில் போடுவதில்லை என்று பொருள். பொய் சொல்ல வேண்டாம், தம்பி.) வெந்நீரில் கழுவினால் தட்டு கோணிவிடும், பச்சைத் தண்ணீரும் பிரஷும் போதும். கம்பியை வீட்டில் வளைக்காதீர்கள். பள்ளியில் காகிதத்தில் சுற்றி வைத்தால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். டப்பா எதற்குக் கொடுத்தோம்?

இந்தப் பையனுக்கு இனி இரண்டு வழிதான். மேலே இரண்டு பல்லை எடுத்துவிட்டு முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கலாம். மோவாய் அப்படியேதான் இருக்கும். அல்லது வளர்ச்சி நின்ற பிறகு தாடை அறுவை சிகிச்சை. யோசித்துச் சொல்வதாக அம்மா எழுந்தார்.

வெளியே நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். 11 வயது, அதே தாடை. உள்ளே கூப்பிட்டேன்.