ஷூ பாலிஷ் டப்பாவில் வார்த்த பேஸ்மேக்கர்

ஸ்வீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட் மருத்துவம் படித்தவர். ஆனால் நோயாளிகளைப் பார்க்காமல் மின்னணுக் கருவிகளை வடிவமைக்கப் போய்விட்டார். இதயத்தை மின்துடிப்பால் துடிக்கவைக்கும் கருவியான பேஸ்மேக்கரை அவர் உருவாக்கினார். அதை 1958 அக்டோபரில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். மின்சுற்றைச் சுற்றி எபாக்சி பிசினை வார்க்க அச்சாக உதவியது ஷூ பாலிஷ் டப்பா! முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அந்த இருவருக்கும் பிறகும் உயிரோடிருந்து, 2001இல்தான் காலமானார்.

இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு செல்கூட்டம் தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, இடையில் இன்னொரு கணுவில் சற்றே தயங்கிக் கீழறைகளுக்கு இறங்குகிறது. லார்சனுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அதனால் அடிக்கடி மயங்கி விழுந்தார்.

அடைப்புக்குக் கீழே செயற்கைத் துடிப்பைக் கொடுப்பது அவ்வளவு கடினமில்லை. ஓரிரு வோல்ட் மின்சாரம், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பியின் நுனியைத் தொட்டிருக்கும் சில செல்கள் தூண்டப்பட்டால், அவை பக்கத்துச் செல்களைத் தூண்டிவிடும்.

கடினமானது, இதயம் சொல்வதைக் கேட்பது. தொடக்ககாலக் கருவிகள் கடிகாரம்போல ஓயாமல் துடித்தன. இதயம் தானாகத் துடித்து, தசை மீண்டுகொண்டிருக்கும் நேரத்தில் கருவியின் துடிப்பும் வந்து விழுந்தால், கீழறைகள் தாறுமாறாக நடுங்கத் தொடங்கலாம். ஆகவே பின்னால் வந்த கருவிகள், துடிப்பை அனுப்பும் அதே கம்பி வழியே ஒட்டுக்கேட்கின்றன. இதயம் தானே துடித்தால் வாளாவிருக்கின்றன. கேட்பது சில மில்லிவோல்ட் அளவு முனகலைத்தான். கையைத் தூக்கினால் மார்புத் தசை எழுப்பும் மின்னிரைச்சலும் அதில் கலக்கும். இரைச்சலை வடிகட்டுவது பொறியாளருக்குப் பழகிய வேலை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கருவி எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதையோ, தசை மீளும் வேகம் தெரிந்தவரே சொல்ல முடியும்.

இன்னொரு தொல்லை கம்பி நுனியில். அந்நியப் பொருளைக் கண்ட உடல் அங்கே தழும்பை வளர்க்கும். அதைத் தாண்டித் தூண்ட வோல்ட்டைக் கூட்ட வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும், மறுபடி அறுவை சிகிச்சை. இதற்குத் தீர்வு மின்சுற்றில் இல்லை. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டை நுனியில் வைத்து, மெல்ல மெல்லக் கசிய விட்டார்கள். தழும்பு மெலிந்தது, பேட்டரி கூடுதல் காலம் உழைத்தது.