கடனை அடைத்தால் சூது நிற்குமா?

சூதாட்டத்தை வைத்து வரும் குற்றப்படங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடும். கடன்காரன் துரத்துவான், நாயகன் கொள்ளையடிப்பான், கடன் தீர்ந்ததும் படம் முடியும். பாளையங்கோட்டையில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு அந்த முடிவுதான் பயம். என்னிடம் வருகிறவர்கள் பலர் ஒருமுறையாவது கடன் தீர்ந்தவர்கள்.

ஆலங்குளம் பக்கமிருந்து ஓர் அம்மா மகனை அழைத்து வந்தார். பீடி சுற்றிச் சேர்த்த பணம், மகளிர் குழுக் கடன், மருமகளின் வளையல் எல்லாம் மூணு நம்பர் லாட்டரியில் போயிருந்தது. “இந்த ஒரு தடவ அடைச்சிட்டா திருந்திருவாம் சார்” என்றார். முன்பும் அப்படித்தான் அடைத்திருக்கிறார்கள். மகன் சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். எழுதியது 472, விழுந்தது 473. “ஒரே நம்பர்ல போச்சு சார்.” குரலில் வருத்தத்தைவிடப் பரபரப்புதான் அதிகம். ஆயிரத்தில் ஒன்று விழும் ஆட்டத்தில் 473 விழுந்தாலும் 900 விழுந்தாலும் அவருக்குத் தோல்விதான். ஆனால் அடிமைப்பட்ட மூளை, மயிரிழையில் தவறியதைக் கிட்டத்தட்ட ஜெயித்ததாகவே எடுத்துக்கொள்கிறது. கை அடுத்த சீட்டுக்குப் போகிறது.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. எல்லையில் புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு போனால் கேரளச் சீட்டு சட்டப்படி கிடைக்கும். அந்தக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்துத்தான் இங்கே இந்த மூணு நம்பர் திருட்டு ஆட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியை 2025-இல் மத்தியச் சட்டம் தடை செய்தது. தடை வேண்டியதுதான். அதனால் மட்டும் நோய் போய்விடாது.

பாஞ்சாலி கேட்ட வரத்தால் பாண்டவர்கள் விடுதலையானார்கள், திருதராட்டிரன் நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் தருமன் என்ன செய்தான்? மறுபடி கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தான்.

அதனால் இரக்கப்பட்டுக் கையில் பணம் கொடுக்காதீர்கள். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் பாதிதான் வெளியே வரும், பொறுமையாகக் கேளுங்கள். சம்பளக் கணக்கு, ஏடிஎம் கார்டு, ஜிபே எல்லாம் கொஞ்ச காலம் மனைவி கையில் இருக்கட்டும். கடன் ஆடினவர் சம்பளத்திலிருந்தே, மாதாமாதம், கொடுத்தவரிடம் நேராகப் போகட்டும். கூடவே சிகிச்சையும் நடக்க வேண்டும்.

கடன் வெளியே தெரிந்த நாட்களில் உயிருக்கே ஆபத்து உண்டு. “செத்துரலாம்னு தோணுதாய்யா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நடுராத்திரி என்றாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.