நடுவில் கேப் இல்லாத ரவை: சின்ன .22 துவக்கு எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து வாங்குவது

வன்னியில் போருக்குப் பிறகு காணி துப்புரவாக்கியவர்களுக்கு ரவைக் கோது புதிதல்ல. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் கறுத்துப்போன பித்தளை வந்தது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்த வட்டத்தில் ஊசி குத்திய பள்ளமும் தெரியும். அதுதான் கேப். தீப்பொறி அங்கிருந்துதான் பிறக்கிறது. பழைய காலத்தில் பன்றிக்காவலுக்கு வைத்திருந்த சொட்கன் தோட்டாவிலும் இதே அமைப்புத்தான். (சுடப்படாத ரவையையோ வேறு எதையோ மண்ணில் கண்டால் கைவைக்க வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுக் கண்ணிவெடி அகற்றுவோருக்கு அல்லது பொலிசுக்குச் சொல்லுங்கள்.)

.22 என்கிற (ஏறக்குறைய 0.22 அங்குல விட்டமுள்ள) சின்ன ரவையின் அடியில் இந்த வட்டம் இல்லை. ஒட்டுசுட்டானில் எனக்குத் தெரிந்த ஐயா ஒருவர் இதைக் கண்டு திகைத்துப்போனார். இளமையில் அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருந்தவர். மகன் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறார். அங்கே பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமம் எடுத்து, தகரப் பேணிக்குக் குறிபார்த்துப் பழகவும், பருவத்தில் முயலுக்குப் போகவும் ஒரு மலிவான ரைபிள் தேடிக்கொண்டிருந்தார். வீடியோ அழைப்பில் ரவை ஒன்றைத் திருப்பிக் காட்டினார். ஐயா கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "அடி மொட்டையா இருக்கு தம்பி, இதில ஊசி எங்க தட்டும்?" என்று கேட்டார். மகனுக்கும் சரியான பதில் தெரியவில்லை.

கேள்வி மிகச் சரியான கேள்வி. இந்த வகைத் துவக்கின் மலிவு, அதன் கோளாறு, அதன் எல்லை எல்லாம் அந்த ஒரு கேள்வியின் பதிலுக்குள் இருக்கின்றன.

ஊசி தட்டுவது விளிம்பில். கோதின் அடிப்பக்கம் சற்று வெளியே பிதுங்கி ஒரு மெல்லிய விளிம்பாக நிற்கும். அந்த விளிம்பு கெட்டியான பித்தளை அல்ல; உள்ளே பொள்ளலான மடிப்பு. தொழிற்சாலையில் பித்தளைத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கி, இழுத்து நீட்டி, அடியைத் தட்டி இந்த மடிப்பை உண்டாக்குகிறார்கள். பிறகு உரசினால் தீப்பிடிக்கும் மருந்தை ஈரமாகவே உள்ளே வைத்துக் கோதுக்குள் வேகமாகச் சுழற்றுகிறார்கள். சுழற்சியில் மருந்து மடிப்புக்குள் போய் வளையமாகப் படியும். அது காய்ந்தபின் எரிமருந்து போடுவார்கள். ஏறக்குறைய ஒரு குன்றிமணி எடை, அதாவது 0.1 கிராம் அளவுதான். அதன்மேல் 2.6 கிராம் ஈயக்குண்டு. அவ்வளவுதான் முழு ரவையும்.

விசையை இழுத்ததும் ஊசி விளிம்பின் ஓரிடத்தில் அடிக்கிறது. விளிம்புக்கு மறுபக்கத்தில் குழல் வாயின் உருக்கு ஓரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விளிம்பு நசுங்க, உள்ளே காய்ந்திருக்கும் மருந்து உரசித் தீப்பற்றுகிறது. அந்தச் சுவாலை எரிமருந்தைப் பிடிக்க, வாயு பெருகி ஈயக்குண்டைத் தள்ளுகிறது. குழலுக்குள் சுருளாக வெட்டிய தவாளிப்புகள் குண்டைச் சுழலவைக்கும். .22 குழல்களில் பொதுவாக 16 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று.

இந்த முறை பழசு. 1845 அளவில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக்குள் குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்த சின்ன ரவையில் தொடங்கியது. 1857இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் அமெரிக்காவில் .22 ஷோர்ட் ரவையைக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் விற்கும் .22 லோங் ரைபிள் என்ற ரவை 1880களில் வந்தது. ஒரு காலத்தில் பெரிய ரவைகளையும் இதே விளிம்பு முறையில் செய்தார்கள். புகையில்லா மருந்து வந்து அழுத்தம் கூடியபோது அவை மெல்ல மறைந்தன. காரணம் எளிது. ஊசி அடித்தால் நசுங்கும் அளவுக்கு விளிம்பு மெல்லிதாக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. .22 லோங் ரைபிளின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 இறாத்தல். நம் மண்ணில் கிடந்த இராணுவ ரவைகள் ஏறக்குறைய அதன் இரு மடங்கு அழுத்தத்தில் இயங்குபவை.

அழுத்தம் குறைந்ததால் துவக்கின் பொறிமுறையும் எளிதாகிவிடுகிறது. தானாக அடுத்த ரவையை ஏற்றும் .22 ரைபிள்கள் பெரும்பாலானவற்றில் போல்ட்டை, அதாவது ரவையின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் உருக்குத் துண்டை, பூட்டுவதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் சுருள்வில்லும் மட்டுமே குண்டு குழலை விட்டுப் போகும்வரை பிடித்து நிற்கின்றன. செய்யும் செலவு குறைவு. ரவைக்கும் தனிக் கேப் தேவையில்லை. மலிவு இங்கிருந்துதான் வருகிறது.

கோளாறும் இங்கிருந்தே. மருந்து வளையம் சில ரவைகளில் ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் வெறுமையாகப் படிந்துவிடும். ஊசி வெறுமையான பக்கத்தில் அடித்தால் "டிக்" என்ற சத்தம் மட்டும்தான். அப்போது துவக்கின் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது முப்பது விநாடி பொறுக்க வேண்டும்; சில ரவைகள் தாமதித்து வெடிக்கும். விளிம்பு ஒருமுறை நசுங்கினால் கோது கழிவு. நடுக்கேப் கோதைப் போல மறுபடி நிரப்ப முடியாது.

சரி, வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? விலையைப் பார்ப்பதற்கு முன் ஊசியின் தடத்தைப் பாருங்கள் என்பேன். சுட்ட கோதைக் கையில் எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். தெளிவான, ஆழமான, விளிம்பின் ஓரத்தோடு சேர்ந்த ஒரு பள்ளம் தெரிய வேண்டும். பள்ளம் மங்கலாக இருந்தால் ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது அதன் வில் சோர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். பழைய துவக்கானால் போல்ட்டைக் கழற்றி, ரவை உட்காரும் அறையின் ஓரத்தை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். வெறும் அறையில் விசையை இழுத்து விளையாடியவர்களின் துவக்கில் ஊசி நேரே அந்த உருக்கு ஓரத்தில் மோதி ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த இடத்தில் விளிம்பு ஒழுங்காக நசுங்காது. ரவையும் இறுகி வெளிவர மறுக்கும். புதிய ரைபிள்கள் சிலவற்றில் ஊசி அவ்வளவு தூரம் போகாதபடி செய்திருக்கிறார்கள். கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒழிய வெறும் அறையில் இழுக்காதீர்கள்.

அடுத்தது கொளுக்கி. கோதை இழுத்து வெளியே எடுக்கும் இந்தச் சின்ன உருக்குத் துண்டின் முனை கூராக இருக்க வேண்டும். .22 ஈயக்குண்டில் மெழுகு பூசியிருப்பார்கள். சுடச்சுட மெழுகும் ஈயமும் புகைக்கரியும் சேர்ந்து கொளுக்கிக்குள் அடைந்துவிடும். "துவக்கு சிக்குது" என்று கொண்டுவரும் பல துவக்குகளுக்குப் பழைய பல்துலக்கியும் துணியும்தான் மருந்து.

ரவைகளை நிரப்பும் பெட்டியான மகசின் இன்னொரு இடம். விளிம்புள்ள ரவைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் ஒன்றையொன்று கொழுவிக்கொண்டு நிற்கும். 1964இல் வந்த ரூகர் 10/22 ரைபிளின் சுழல் மகசின் பெயர் வாங்கியது இதனால்தான்: ஒவ்வொரு ரவைக்கும் தனிப் பள்ளம், விளிம்புகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சாதாரண மகசினானால் வாய் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு மேலதிக மகசினையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

தானியங்கியா, கையால் இழுக்கும் போல்ட்டா என்று கேட்டால், முதல் துவக்குக்கு நான் தயங்காமல் போல்ட் என்பேன். தானியங்கிக்குப் போல்ட்டைப் பின்தள்ளும் அளவு வேகமுள்ள ரவை வேண்டும். மெதுவான ரவை போட்டால் பாதியில் நின்றுவிடும். போல்ட் ரைபிளுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த வேக ரவையையும் ஏற்கும். ஒவ்வொரு வெடிக்கும் கை ஒருமுறை வேலை செய்ய வேண்டியிருப்பதால் பழகுபவர் ஆறஅமரக் குறிபார்க்கவும் கற்றுக்கொள்கிறார். ஒன்ராறியோவில் இருப்பவருக்குச் சவேஜ் மார்க் 2 கிட்டவே கிடைக்கும், அந்த மாகாணத்தின் லேக்ஃபீல்டில் செய்ததுதான். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் செக் நாட்டின் சீசெட் 457. இரண்டில் எதுவானாலும் பேரப்பிள்ளை காலம்வரை உழைக்கும்.

ரவையில் ஒரு வினோதம் இருக்கிறது. ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ரைபிள்களும் வெவ்வேறு ரவையை விரும்பும். எனவே நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீற்றரில் தாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து வெடி சுட்டு எது நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பதைவிட வேறு வழியில்லை. விலை கூடிய ரவை தோற்று மலிவான ரவை வெல்வதும் உண்டு.

ஆனாலும் வேகத்துக்கு ஒரு பொது விதி சொல்லலாம். சாதாரண வேக ரவை குழலை விட்டு வரும்போது விநாடிக்கு ஏறக்குறைய 325 மீற்றர். அதிவேக ரவை 375 அளவு. வழக்கமான வெப்பநிலையில் ஒலியின் வேகம் இந்த இரண்டுக்கும் நடுவில். ஒலியைவிட வேகமாகப் புறப்பட்ட குண்டு வழியில் வேகம் குறைந்து ஒலி எல்லையைக் கடக்கும்போது காற்றின் அதிர்வில் குலுங்கி, குறி சற்றுச் சிதறும். போட்டிக்காரர்கள் சாதாரண வேகத்தையே எடுப்பது இதனால்தான்.

இதில் ஊரின் வெப்பமும் புகுந்துகொள்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். சித்திரை வெயிலில் மாங்குளத்தில் 33 பாகை என்றால் ஒலி விநாடிக்கு 351 மீற்றர் ஓடும். கனடாவில் தை மாதம் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை என்றால் 319 மீற்றர்தான். ஆக, வன்னி வெயிலில் ஒலியின் வேகத்துக்குக் கீழே போகக்கூடிய அதே ரவை, கனடாக் குளிரில் மருந்து சற்று மந்தமாக எரிந்தாலும் ஒலியைத் தாண்டி "படீர்" என்று கிழித்துக்கொண்டு போகக்கூடும். ரவை மாறவில்லை, காற்றுத்தான் மாறியது.

முயலுக்கும் அங்குள்ள காட்டுக்கோழிக்கும் 50 மீற்றருக்கு உள்ளே .22 போதும். 50 மீற்றருக்குக் குறி சரிசெய்த துவக்கின் குண்டு 100 மீற்றரில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை கீழே விழும். முயலின் தலையைக் குறிவைத்தவர் காலை உடைப்பார். காயத்தோடு ஓடி நாளெல்லாம் துடிக்கும் பிராணியை நினைத்தாவது தூர வெடியை விட வேண்டும்.

ஐயா அடுத்துக் கேட்டது நம் எல்லோரும் கேட்பதுதான்: இது பன்றிக்கு உதவுமா? உதவாது. குழல் வாயில் இந்தக் குண்டின் சக்தி 140 முதல் 190 யூல் வரை. நம் பகுதியில் ஓடிய ஏகே துவக்குகளின் சக்தி 2,000 யூல் அளவு. பன்றியின் தோலும் கொழுப்பும் தாண்டி உயிர்நிலையை அடைய .22 குண்டுக்கு வலுவில்லை. காயப்பட்ட பன்றி அடுத்த நாள் வயலுக்கு வருபவர்மேல்தான் பாயும். யானையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சின்னக் குண்டுகள் உடம்பில் தங்கிச் சீழ்பிடித்துக் குளக்கரையில் விழுந்து கிடக்கும் யானைகளின் கதை நமக்குத் தெரிந்ததுதான். அதோடு இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமில்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். 1937இன் வனவிலங்குச் சட்டம் பெரும்பாலான காட்டுப் பிராணிகளைப் பாதுகாக்கிறது. மகனின் துவக்கு கனடாவுக்கு உரியது; அங்கும் வேட்டைக்குத் தனி உரிமமும் பருவமும் உண்டு.

சின்ன ரவை என்பதால் விளையாட்டாக நினைப்பவர்கள் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வாசிக்க வேண்டும். சாய்வாக மேல்நோக்கிச் சுட்ட .22 குண்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்டால் தெறித்து எழும்பிப் போகும். இரணைமடுக் குளக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துச் சுட்டால் அது எந்தக் கரையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கனடாவில் உறைந்த ஏரிக்கும் இறுகிய நிலத்துக்கும் இதே கதைதான். பேணியை வைப்பதானால் ஆள் உயர மண் அணைக்கு முன்னால் வையுங்கள். கல்லும் இரும்பும் பின்னால் இருக்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். விளிம்பு மருந்திலும் குண்டிலும் ஈயம் இருப்பதால், சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோற்றைத் தொடக் கூடாது, சின்னப் பிள்ளைகளைத் தூக்கவும் கூடாது.