பத்து நாள் படுக்கையும் பத்து நாள் நிலாப் பயணமும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் ஒழுங்கை ஒன்றில் ஐந்தாம் மாடி வீடு. கட்டிலில் எழுபத்திரண்டு வயது அம்மா. காய்ச்சலுக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து இன்னும் ஐந்து நாள். காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது, கட்டில்தான் அவரை விடவில்லை. சாப்பாடு கட்டிலுக்கு வருகிறது, தேத்தண்ணி வருகிறது, பெட்பானும் வருகிறது. ரொறன்ரோவிலிருந்து மகன் தினமும் வீடியோவில் தோன்றி, "அம்மாவை எழும்ப விடாதேங்கோ, நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று கட்டளை போடுகிறார்.

பதினோராம் நாள் குளியலறைக்குப் போகலாம் என்று எழும்பியவர், முழங்கால் மடிந்து கட்டிலோரத்திலேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பிசியோதெரபிஸ்டான எனக்கு அழைப்பு. எலும்பு முறிவு இல்லை, பக்கவாதமும் இல்லை. "எனக்கு என்ன வருத்தம் பிள்ளை?" என்று கேட்டார். "வருத்தம் ஒன்றும் இல்லை அம்மா, படுத்திருந்ததுதான்" என்றேன். அவர் நம்பவில்லை. மகளும் நம்பவில்லை.

(ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையை ஒவ்வொரு மாதமும் வேறு வேறு மாடிகளில் பார்க்கிறேன்.)

என் பக்கம் சேர்ந்தது பேரன். நாசாவின் ஆர்டெமிஸ் 2 நிலாப் பயணத்தின் ஆயத்தங்களை யூடியூபில் விடாமல் பார்த்துவந்தவன். ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோக், கனடாக்காரரான ஜெரமி ஹான்சன் என்று நால்வர் பெயரையும் ஒப்புவித்தான். "அவங்க பத்து நாள் மிதந்துகொண்டு நிலாவைச் சுத்திட்டு வாற பிளான். அதுக்குள்ளயும் ஏன் அன்ரி எக்ஸர்சைஸ் மெஷின்?" என்று கேட்டான். அம்மம்மாவின் கேள்விக்கான பதில் அதில்தான் இருந்தது.

அந்த நால்வருக்கான ஓரியன் விண்கலத்தில் ஆட்கள் புழங்கக்கூடிய இடம் 9 கன மீட்டருக்குச் சற்று அதிகம். நம் ஃபிளாட்டுகளின் குளியலறை ஒன்றின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு பேர், பத்து நாள் சாப்பாடு, கழிப்பறை. ஒவ்வொரு கிலோவையும் நிறுத்துப் பார்த்து ஏற்றும் அந்த இடத்தில், சுமார் 14 கிலோ எடையுள்ள ஓர் உடற்பயிற்சிக் கருவிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம். பத்தே நாள்தானே, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நாசா விட்டுவிடவில்லை.

கருவி பார்வைக்குச் சின்னப் பெட்டிதான். உள்ளே சுழல் சக்கரம், அதில் சுற்றிய பட்டி. பட்டியை இழுத்தால் சக்கரம் சுற்றும். பட்டி முழுக்க வெளியே வந்ததும், சுற்றிய வேகத்திலேயே சக்கரம் அதைத் திரும்பச் சுருட்டி ஆளையும் இழுக்கும். யோயோ மாதிரி. அந்த இழுப்பை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாகத் திருப்பி இழுக்கும், அதிகபட்சம் சுமார் 180 கிலோ வரை. குந்தி எழும்பலாம், துடுப்பு வலிக்கிற மாதிரி இழுக்கலாம். இந்தத் திருப்பி இழுக்கும் பாதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதிரை விஷயத்தில் தேவைப்படும்.

சரி, மிதப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் என்ன சம்பந்தம்? காலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், இடுப்பு, முதுகு ஆகிய இடங்களின் தசைகள் நாம் சும்மா நிற்கும்போதுகூட வேலை செய்கின்றன. குசினியில் நின்று வெங்காயம் உரிப்பதும் அவற்றுக்கு வேலைதான். பாரம் தாங்கும் வேலை போனவுடன் உடல் சிக்கனக்காரனாகி, பாவிக்காத தசையைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் விண்வெளிப் பயணத்தின் பாதிப்பைப் பூமியில் ஆராய நினைப்பவர்கள் ஆட்களைக் கட்டிலில் போடுகிறார்கள். 2019இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், தலைப்பக்கம் 6 பாகை சரிந்த கட்டிலில், தொண்டர்கள் 60 நாள் படுத்தே இருந்தார்கள். சாப்பாடு, குளிப்பு எல்லாம் படுத்தபடிதான். எங்கள் அம்மாமார் பலர் சம்பளமில்லாமல் இதே ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என் நோயாளிகளுக்கு நான் அடிக்கடி சொல்வது இன்னொரு ஆய்வு. 2007இல் அமெரிக்காவில் வந்தது. சராசரி வயது 67, நோய்நொடி இல்லாத 12 பேர், பத்து நாள் படுக்கை. இரண்டு காலிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. முழங்காலை நீட்டும் பலம் ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்தது. இவர்கள் சுகதேகிகள். காய்ச்சலில் வாய் கசந்து, கஞ்சியும் பிஸ்கட்டுமாக இருந்த ஒருவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

நிலா வீரர்கள் நால்வரும் 1970களில் பிறந்தவர்கள், வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களையும் மிதப்பு விடாது. 1970இல் சோயுஸ் 9இல் நிகோலயேவ், செவஸ்தியானோவ் என்ற இரு சோவியத் வீரர்கள் ஏறக்குறைய 18 நாள் இருந்துவிட்டு இறங்கியபோது, கலத்திலிருந்து அவர்களைத் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நடக்கவே சிரமப்பட்டார்கள். அதற்குப் பிறகு உடற்பயிற்சி விஷயத்தில் யாரும் விளையாடவில்லை. இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குகிறார்கள்.

தசை மட்டுமல்ல. படுத்தே இருந்தால் காலுக்கு இறங்கும் இரத்தத்தை மேலே தள்ளும் பழக்கமும் உடலுக்குக் குறைந்துவிடும். திடீரென்று எழும்பினால் கண் இருட்டும். விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்கள் இதற்காகவே இறங்குமுன் உப்பும் தண்ணீரும் எடுப்பார்கள், காலையும் வயிற்றையும் இறுக்கும் உடுப்பைப் போடுவார்கள். (பிரஷர் உள்ளவர்கள் இதைப் பார்த்து உப்புத்தண்ணீர் குடிக்கப் புறப்பட வேண்டாம்.) வீட்டில் செய்ய வேண்டியது எளிது. கட்டிலோரத்தில் இரண்டு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு இருந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, அப்புறம் ஒருவரைப் பிடித்துக்கொண்டு எழும்புங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டெங்குவின் ஆபத்தான நாட்களிலோ, சத்திரசிகிச்சை முடிந்த கையோடோ டொக்டர் படுக்கச் சொன்னால் படுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த நாளிலிருந்து எழும்பலாம் என்பதைத் துண்டு வெட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பயிற்சியும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு பயிற்சி. கதிரையில் இருந்து எழும்புவது, திரும்ப இருப்பது. எழும்பும்போது கையை ஊன்றலாம், பரவாயில்லை. ஆனால் இருக்கும்போது பொத்தென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். சக்கரம் திருப்பி இழுக்கும்போது நிலா வீரர் எதிர்த்துப் பிடிப்பது போல, இங்கே பூமி இழுக்க அம்மா எதிர்த்துப் பிடிக்கிறார். கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். ஐந்து தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு மெல்லமெல்லக் கூட்டலாம். கூடவே ஒரு முட்டையோ, மீன் துண்டோ, பருப்போ ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். பெட்பானை அன்றைக்கே எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

எண்ணும் வேலையைப் பேரன் எடுத்துக்கொண்டான். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, பூச்சியம் வந்ததும் "லிஃப்ட் ஆஃப்" என்று கத்துவான். அம்மம்மா எழும்புவார். மூன்றாவது கிழமை நான் போனபோது அவர் கட்டிலில் இல்லை, பல்கனியில் நின்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு இன்னும் பயம், பின்னாலேயே நின்றார்.

பயிற்சிக்கு எடுக்கும் கதிரை கைபிடியுள்ள மரக்கதிரையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை டைல்ஸில் வழுக்கும். மரக்கதிரையையும் சுவரோடு ஒட்டியே வையுங்கள்.