இரண்டாவது பகடை என்ன செய்கிறது?

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை ஆடும் வாசகர் ஒருவரின் கேள்வி: "ஐந்தாம் பதிப்பில் அட்வான்டேஜ், அதாவது சாதகமான நிலை, கிடைத்தால் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பதில் ஒரே முறை உருட்டி 5 கூட்டிக்கொண்டால் என்ன? இரண்டும் ஒன்றுதானே?"

ஒன்றல்ல. ஆனால் ஏன் ஒன்றுபோலத் தோன்றுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெற்றி வாய்ப்பு 50%. இரண்டு பகடையும் தவறினால்தான் தோல்வி; அதாவது பாதியில் பாதி, 25%. வெற்றி 75% ஆகிறது. ஐந்து கூட்டினாலும் அதே 75% தான்.

இப்போது ஓரத்துக்குப் போவோம். 20 விழுந்தே ஆக வேண்டும் என்றால் வாய்ப்பு 5%. இரண்டாவது பகடை அதை 9.75% ஆக்குகிறது. ஐந்தைக் கூட்டினாலோ 15 விழுந்தாலே போதும், 30%! 25 வேண்டிய காரியம் பகடை எத்தனை இருந்தாலும் நடக்காது. +5 இருந்தால் நடந்துவிடும். எனக்கு இந்த விதியில் மிகப் பிடித்த இடம் இதுதான். இரண்டாவது பகடை, முடிகிற காரியத்தில் சறுக்காமல் காக்கிறது. முடியாததை முடிய வைப்பதில்லை. இரும்புக் கதவு இரும்புக் கதவாகவே இருக்கும். 2014இல் வந்த இந்தப் பதிப்பு, எண்கள் மட்டுமீறி ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. அட்வான்டேஜ் அதற்கு அழகாகப் பொருந்துகிறது.

மேலே இரண்டு தோல்வி வாய்ப்புகளை ஒன்றோடொன்று பெருக்க முடிந்ததே, ஒரு பகடையில் விழுந்தது மற்றொன்றைப் பாதிக்காததால்தான். "இந்தப் பகடைக்கு இன்று ராசி இல்லை" என்று மாற்றி எடுப்பவர்களை மேசைதோறும் பார்க்கலாம். பகடைக்கு ஞாபகம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவுப் பாடத்தைச் சூத்திரமாக மட்டும் நடத்தாமல் இப்படி உருட்டிக் காட்டினால் இந்த நம்பிக்கை பாதியாவது குறையும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, விதிப்புத்தகமே ஓரிடத்தில் 5 கூட்டச் சொல்கிறதே என்று கேட்கலாம். உண்மை. அது பகடையே உருட்டாத பாஸிவ் சோதனைகளுக்கு. அங்கே 10 என்ற நடு எண்ணோடு பாத்திரத்தின் திறமை எண்ணையும், அட்வான்டேஜ் இருந்தால் 5ஐயும் கூட்டுகிறார்கள். நடுவில் இரண்டாவது பகடையின் மதிப்பு ஐந்துதான் என்று மேலேயே பார்த்தோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரோக் என்ற தந்திரக்காரப் பாத்திரத்தின் ஸ்னீக் அட்டாக்குக்கு, அதாவது கூடுதல் சேதம் தரும் தாக்குதலுக்கு, அட்வான்டேஜ் ஒரு நுழைவாயில். 20 விழுந்தால் வரும், அதிகச் சேதம் தரும் கிரிட்டிகல் அடிக்கான வாய்ப்பும் இரண்டு பகடையில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. +5இல் அது 5% ஆகவே நின்றுவிடும். அதனால் ஒரே முறை உருட்டித்தான் ஆடவேண்டும் என்றால், 5க்குப் பதில் 3 கூட்டுங்கள். இரண்டு பகடையால் வரும் சராசரி லாபம் சுமார் 3.3 தான். கூட்டிய பிறகும் பகடை எண் 20ஐத் தாண்டக்கூடாது என்று வையுங்கள். அப்புறம், எந்த நிலையில் ரோக் ஸ்னீக் அட்டாக் செய்யலாம் என்பதையும் தனியாக எழுதி வைத்துவிடுங்கள்.