பக்கத்து நிறம்

1957, இலையுதிர்காலம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபர்ட் நகரம். தோழிகள் தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மரங்களில் மஞ்சளும் செம்மஞ்சளும். பெண்களின் உடைகளிலும் அதே குடும்பத்து நிறங்கள். கேத்தியின் ஸ்கார்ஃப் மட்டும் இளம் ஊதா. காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. எடுத்துத் திருப்பிக் கொடுப்பவன் அவள் வீட்டுத் தோட்டக்காரன் ரேமண்ட், கறுப்பினத்தவன்.

டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 2002இல் வெளிவந்த ‘ஃபார் ஃப்ரம் ஹெவன்’ படத்தில் வரும் காட்சி இது. கதையின் திருப்பங்கள் மங்கிய பிறகும் அந்த ஊதா என் கண்ணை விட்டுப் போகவில்லை. இது ரசனை மட்டும் சார்ந்த விஷயமல்ல. கண் வேலை செய்யும் முறையே அப்படி.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஒரு வேதியியலாளர். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் 1824இல் சாயப்பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்றவர் மிஷேல் ஷெவ்ரூல். நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தால் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. குறை பக்கத்து நூலில் இருந்தது. ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்து, 1839இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

காரணம் நரம்புகளில் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை உள்ளன. அவை தரும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை. சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டா என்று மூன்று எதிரிணைகளாகக் கழித்துக் கணக்கிடப்பட்டுப் போகிறது. ஓர் இணையில் ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் அடங்கும். அதனால்தான் நீலங்கலந்த மஞ்சள் என்று ஒன்றை நம்மால் பார்க்க முடிவதில்லை. இந்தக் கழித்தல் இடத்துக்கு இடமும் நடக்கிறது: சுற்றிலும் மஞ்சள் நிறைந்திருந்தால், நடுவிலிருக்கும் துணி நீலத்தின் பக்கம், ஊதாவின் பக்கம் தள்ளப்படும். இலைகள் பழுக்கப் பழுக்க ஸ்கார்ஃபின் ஊதா ஏறும். இந்த எதிரிணைக் கோட்பாட்டை அளவீடுகளோடு நிலைநிறுத்திய லியோ ஹர்விச், டொரோத்தியா ஜேம்சன் தம்பதியின் கட்டுரை வெளிவந்ததும் 1957இல்தான். கதை நடக்கும் அதே ஆண்டு என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அடுத்தது வெளிச்சம். புடவையைக் கடைவாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. சாயம் தனக்கு வரும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்பும். வராத ஒளியை அதனால் அனுப்ப முடியாது. பச்சை வெளிச்சத்தில் சிவப்புச் சட்டை கருத்துப்போவது அதனால்தான். ஆகவே இந்தப் படத்தின் உடை வடிவமைப்பாளர் சாண்டி பவல் உடைக்குத் தேர்ந்த நிறம், அரங்க வடிவமைப்பாளர் மார்க் ஃப்ரீட்பர்க் சுவருக்குத் தேர்ந்த நிறம், ஒளிப்பதிவாளர் எட்வர்ட் லக்மன் விளக்கின் முன் கட்டிய ஜெலட்டின் தாளின் நிறம் மூன்றையும் சேர்த்தே தீர்மானித்தாக வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறிவிடும்.

வீட்டின் இரவுக் காட்சிகளில் ஜன்னல் பக்கம் நீலம், மேசைவிளக்குப் பக்கம் செம்மஞ்சள். அறை முழுவதும் ஒரே நிற ஒளி என்றால் கண் அதற்குப் பழகி, வெள்ளைச் சுவரை வெள்ளையாகவே காட்டிவிடும். இரண்டு எதிர் ஒளிகள் ஒரே நேரத்தில் விழும்போது எதற்கென்று பழகும்? அந்த வீட்டில் நமக்கு அமைதி கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். கேத்தியின் கணவன் ஃபிராங்க் ஆண்களை நாடிப் போகிறவன். அவன் ரகசியமாகச் செல்லும் மதுக்கூடத்தில் பச்சை ஒளி. அன்று அத்தகைய உறவு அங்கே குற்றம், மருத்துவர்களுக்கோ அந்த நாட்டமே நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான்.

கேத்திக்கும் ரேமண்டுக்கும் இடையே வளர்ந்த நெருக்கத்துக்கு நேர்ந்தது வேறு வகை. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருந்தன. உச்ச நீதிமன்றம் 1967இல்தான் அவற்றை ஒழித்தது. கனெக்டிகட்டில் அப்படியொரு சட்டம் என்றுமே இருந்ததில்லை. அங்கே தடுத்தது ஊரின் கண்.

ஓவியக் கண்காட்சிக் காட்சியை மறுபடி பாருங்கள். ஸ்பானிய ஓவியர் மிரோவின் ஓவியம் ஒன்றின் முன் கேத்தியும் ரேமண்டும் நின்று அதைப் பற்றிப் பேசுகிறார்கள். தனித்தனியே நின்றிருந்தால் யாரும் தலை திருப்பியிருக்க மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். கூடம் முழுவதும் ஓவியத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்க்கிறது.