பெட்டியின் பின்மூலை

ஒரு தீப்பெட்டியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேல்பக்கம் தெரியும்படி சற்றுத் தாழ்த்தி, நீளவாக்கில் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பாருங்கள். பெட்டியின் நீளம் ஏறக்குறைய 5 செ.மீ. முன்பக்கம் கண்ணிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால், பின்பக்கம் 15 செ.மீ. தள்ளி இருக்கும். தொலைவு கூடக் கூடத் தோற்ற அளவு அதே விகிதத்தில் குறையும். ஆகவே பின்பக்கத்தின் அகலம் முன்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்காகத்தான் தெரியும். கையை நீட்டி அதே பெட்டியை 60 செ.மீ. தொலைவில் பிடித்தால் கணக்கு 60-க்கு 65. சுருக்கம் எட்டு விழுக்காடுகூட வராது.

பெர்ஸ்பெக்டிவ் என்று ஓவியர்கள் சொல்வது அடிப்படையில் இந்த வகுத்தல்தான். நம்மைவிட்டு விலகி ஓடும் இணைகோடுகளுக்கு இடையிலுள்ள வெளி சுருங்கிக்கொண்டே போய், படத்தில் ஒரு புள்ளியில் முடியும். அது மறைபுள்ளி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரில் புருனெல்லெஸ்கி ஒரு தேவாலயக் கட்டடத்தைப் பலகையில் வரைந்து, பலகையில் துளையிட்டு, பின்னாலிருந்து அந்தத் துளை வழியே, எதிரே பிடித்த முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தைப் பார்க்கவைத்து இதை மெய்ப்பித்துக் காட்டினார். 1435-இல் ஆல்பெர்ட்டி அதற்கு விதி எழுதினார். சூத்திரத்துக்கு அறுநூறு வயது ஆகப்போகிறது. ஆனாலும் ஸ்கேல் இல்லாமல் ஒரு பெட்டி வரையச் சொன்னால் பெரும்பாலோருக்குக் கோணல்மாணலாகத்தான் வருகிறது.

பெட்டிக்கு 12 விளிம்புகள். ஒன்றுக்கொன்று இணையான நான்கு விளிம்புகள் ஓர் அணி என்று வைத்தால், மூன்று அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மறைபுள்ளி. பெட்டி வரையும் பயிற்சியில் முதலில் ஆங்கில ஒய் எழுத்துப் போல மூன்று கோடுகளைப் போடுவார்கள். நமக்கு மிக அருகில் இருக்கும் மூலை அது. பார்வையின் நடுவில் இருக்கும் பெட்டி என்றால் அந்த மூன்று கோணங்களும் 90 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பெட்டி நசுங்கினாற்போல் தெரியும். பிறகு வெளிச்சுற்றுக் கோடுகள் ஆறு. கடைசியாக, பெட்டி கண்ணாடியால் ஆனது என்று நினைத்துக்கொண்டு, மறைந்திருக்கும் மூன்று விளிம்புகள். இந்த மூன்றும் பின்மூலையில் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டும். சந்திக்காது. முன்னால் செய்த சின்னச் சின்னத் தவறுகள் எல்லாம் வந்து சேரும் இடம் அந்த மூலை.

கை நடுக்கம் இதற்கு ஒரு சிறு காரணம்தான். பெரிய காரணம் மூளை. விழித்திரையில் விழும் பிம்பத்தை மூளை அப்படியே நம்மிடம் தருவதில்லை. ‘இது பெட்டி, எதிரெதிர்ப் பக்கங்கள் சமம்’ என்று திருத்திவிட்டுத்தான் தருகிறது. 1931-இல் தவ்லெஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் சாய்த்துவைத்த வட்டத் தட்டைக் காட்டி அதன் தோற்ற வடிவத்தைக் கேட்டார். பிம்பத்தில் இருந்த நீள்வட்டத்தைவிட உருண்டையான வடிவத்தையே மக்கள் காட்டினார்கள். அன்றாட வாழ்க்கைக்கு இந்தத் திருத்தம் பெரிய உபகாரம். வரைய உட்காரும்போது இதுவே இடைஞ்சல்: தவறாக வரைந்த பெட்டியையும் மூளை சரியான பெட்டி என்று படித்துவிடும். கோணல் கண்ணில் படவே படாது.

எனவே வெளியிலிருந்து ஒரு சாட்சி தேவை. இணையத்தில் 250 பெட்டிகள் வரையச் சொல்லும் புகழ்பெற்ற பயிற்சி ஒன்று உண்டு. அதன் உயிர்நாடி எண்ணிக்கையில் இல்லை, அடுத்த வேலையில் இருக்கிறது: வரைந்த பிறகு அணிக்கு ஒரு நிறப் பேனா எடுத்து, ஸ்கேல் வைத்து விளிம்புகளை நீட்டுவது. 5 செ.மீ. கோட்டின் முனை 1 மி.மீ. விலகியிருந்தால் யாருக்கும் தெரியாது. அதே கோட்டை 50 செ.மீ. வரை நீட்டினால் விலகல் 1 செ.மீ. ஆகிவிடும். நான்கில் எது அணியைவிட்டு ஓடுகிறது, எந்தப் பக்கம், எவ்வளவு என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். நீட்டவேண்டிய திசை நம்மைவிட்டு விலகிப் போகும் திசை. நான் நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் இருந்த பெட்டிகளின் கோடுகளை நம்மை நோக்கி வரும் திசையில் நீட்டிவிட்டு, ஏன் எல்லாம் விரிகிறது என்று விழித்திருக்கிறேன்.

‘எவ்வளவு’ என்பது ஏன் முக்கியம்? 1932-இல் ட்ரோபிரிட்ஜ், கேசன் இருவரும் ஆட்களின் கண்ணைக் கட்டி 3 அங்குலக் கோடுகளை வரையச் சொன்னார்கள், ஆளுக்கு 100 முறை. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு குழுவுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் பொருளற்ற ஓர் அசை. ஒரு குழுவுக்குச் சரி, தவறு. கடைசிக் குழுவுக்கு, எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளவோடு. வெறுமனே வரைந்தவர்கள் நூறு முறை வரைந்தும் முன்னேறவில்லை. சரி, தவறு கேட்டவர்கள் முன்னேறினார்கள். அளவு கேட்டவர்கள் அவர்களையும் மிஞ்சினார்கள். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, ஔவை மன்னிக்கட்டும்.

அப்படியானால் ஒவ்வொரு கோடு போட்டதும் சரிபார்க்கலாமே? அங்கேதான் சிக்கல். 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் கை அசைவைப் பழக்கும் சோதனை நடத்தினார்கள். ஒரு சாராருக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொன்னார்கள்; மறு சாராருக்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும். மறுநாள் எதுவும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது, பாதி கேட்டவர்களே துல்லியமாகச் செய்தார்கள். கூடவே வரும் திருத்தம் ஊன்றுகோல் மாதிரி. அது கையில் இருக்கும்வரை கால் சுமையை உணராது. பக்கம் முழுக்க ஐந்தாறு பெட்டிகள் வரைந்து முடித்துவிட்டுப் பிறகு நிறப் பேனாவை எடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு பெட்டியிலும் எந்தக் கோடு பிசகியிருக்கும் என்று நீட்டுவதற்கு முன்பே மனத்துக்குள் ஊகித்துவைப்பது இன்னும் நல்லது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, சற்றுக் கிறுக்குத்தனமானது. ஒரு பெட்டியின் மூன்று மறைபுள்ளிகளையும் தேடிப் பிடித்து இணைத்தால் வரும் முக்கோணத்தின் எல்லாக் கோணங்களும் 90 பாகைக்குக் கீழே இருந்தாகவேண்டும். ஒன்று மீறினாலும் நீங்கள் வரைந்தது செங்கோணப் பெட்டியே இல்லை. இதைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுத் தாளைத் தரையில் ஒட்டி, விளிம்புகளை நூலால் நீட்டினேன். முதல் புள்ளி பாயிலேயே கிடைத்தது. இரண்டாவது வாசல்படியருகே. மூன்றாவது பீரோவுக்கு அடியில் போய்விட்டது.